இரண்டையும் சேர்த்து மிதிங்க

வண்டி ஓட்டத் தெரிவது ஒன்று, அதை அடுத்தவருக்குச் சொல்லித் தரத் தெரிவது வேறொன்று என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். கண்ணமங்கலத்தில் எங்கள் அப்பாவின் மினி லாரியைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டியவள் நான். வேலூர் மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் மூட்டைகளோடு கிளம்பினால், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விட்டுக்கொண்டு வருவார். மகள் ஓட்டும் வண்டியில் தகப்பன் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அதைவிடப் பெரிய சான்றிதழை எந்த ஆபீஸ் தந்துவிடும்? தலைக்கனம்தான். ஆனால் ஓட்டத் தெரிந்தவளின் தலைக்கனம்.

கல்யாணமாகி முள்ளிப்பட்டுக்கு வந்தேன். கத்திரிக்காய் வீட்டுப் பெண் பட்டுத்தறி வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பது வேறு கதை, அதைச் சொன்னால் இரண்டு வீட்டிலும் இன்னொரு தரம் சண்டை வரும். வீட்டுக்காரர் பட்டுப்புடவை நெய்கிறவர். பட்டு மேஸ்திரி நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் கொடுப்பார், இவர் வீட்டுத் தறியில் நெய்து புடவையாகத் திருப்பித் தருவார். என்னையும் தறியில் உட்காரவைக்க மாமியார் முயற்சி செய்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் பொறுமைக்கு நான் எங்கே போவது? ஒரே வாரத்தில் மாமியாரே, "நீ வேற எதனா வேலைக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் ஆரணியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். போன் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, எல்.எல்.ஆர். போட வருபவர்களுக்குச் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுப்பது. அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் நெசவாளர் கூட்டம் மொத்தமும் அன்றைக்குத்தான் வரும். மற்ற நாட்களில் ஈ ஓட்டுவோம். இடையிடையே பெண்கள் வருவார்கள். கட்டணம் கேட்கமாட்டார்கள், எத்தனை நாள் வகுப்பு என்று கேட்கமாட்டார்கள். "லேடீஸ் சொல்லித் தருவாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஆசை வந்தது.

ஆசைக்கு வழியும் வந்தது. சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஓனரின் மச்சான். அவர் திடீரென்று சென்னைக்கு டாக்ஸி ஓட்டப் போய்விட்டார். தகுதி பெற்ற பயிற்றுநர் ஒருவர் இல்லாமல் ஸ்கூலின் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. ஓனர் என்னைப் பார்த்தார். பத்தாவது பாஸ், லைசென்ஸ் எடுத்துப் பல வருஷம், வேலூரில் வார இறுதி வகுப்புக்குப் போய் வாங்கிய மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் என்று எல்லாம் என்னிடம் இருந்தன. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதிகாரி முன்னால் உட்கார்ந்து, குறியீடுகளும் விதிகளும் தெரியும், வண்டியின் பாகங்களை விளக்கத் தெரியும் என்று காட்ட வேண்டியதுதான் பாக்கி. பொங்கலுக்குள் முடித்தால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் வேலூரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவருவேன், அவர் வந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது என்று ஓனர் சொன்னார். சரி என்றேன். அது அல்வா சாப்பிடுகிற மாதிரி என்றும் சொன்னேன்.

அதிகாரி நல்லவர். அவசரப்படாமல் கேட்டார். குறியீடுகள் எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னேன். ஸ்கூல் சுவரில் மாட்டியிருக்கும் குறியீட்டுப் படத்துக்கு அடியில்தானே இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்! ரவுண்டானாவில் யாருக்கு முதல் வழி, ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும், எங்கெல்லாம் முந்தக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, கிளட்ச் என்றால் என்ன என்று கேட்டார்.

"இன்ஜினில் உற்பத்தியாகும் சுழல் விசையைத் தேவையானபோது கியர்பெட்டியுடன் இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் அமைப்பு" என்று புத்தகத்தில் இருப்பதை ஒரு புள்ளிகூட விடாமல் ஒப்பித்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்குப் புரியுதும்மா. ஏன்னா எனக்கு முன்னாடியே தெரியும். நாளைக்கு உங்ககிட்ட வர்றவங்களுக்குத் தெரியாதே. அவங்களுக்கு எப்படிச் சொல்வீங்க?"

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் வாருங்கள் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். முள்ளிப்பட்டு வந்து இறங்கும்போது சண்டையில் நான் தோற்றிருந்தேன். யோசித்துப் பார்த்தால், கிளட்ச் என்றால் என்ன என்று என் காலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது.

வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டார். ஆறுதல் சொல்லவில்லை. "வூட்ல ஒரு மக்கு சும்மாதானே கீறேன். எனக்கு சொல்லிக் குடு. எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்றார்.

அவர் அதுவரை ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. சைக்கிளோடு நிறுத்திக்கொண்ட மனிதர். அடுத்த அமாவாசைக்கே அழைத்துப்போய் எல்.எல்.ஆர். வாங்கிக்கொடுத்தேன். அதற்காகக் குறியீடுகளை வீட்டில் சொல்லிக்கொடுத்தது ஒரு கூத்து. வட்டத்துக்குள் இருந்தால் கட்டளை, மீறக் கூடாது. முக்கோணம் என்றால் எச்சரிக்கை, முன்னால் ஏதோ இருக்கிறது. நீள்சதுரம் என்றால் வெறும் தகவல். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நீ வட்டம், எங்கம்மா முக்கோணம், நான் சதுரம்" என்றார். மாமியார் அடுப்படியிலிருந்து, முக்கோணம் என்றால் என்ன என்று விசாரித்தார். நாங்கள் இருவரும் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

ஓனர் பழைய காரைக் கொடுத்தார். சொல்லித் தருபவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்த வண்டி. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரி வற்றிக் கிடந்த நேரம், உள்ளே கல்போல இறுகிய தரை. காலையில் தறிக்கு உட்காரும் முன் அங்கே போவோம். ஸ்டியரிங் இவருக்குப் பிறவியிலேயே வந்த மாதிரி இருந்தது. கோடு போட்டதுபோல் நேராகப் போவார். பாவு இழைகளைப் பார்த்துப் பழகிய கண், ஒரு விரல்கடை விலகினாலும் தெரிந்துவிடும். கியரும் சீக்கிரமே பிடிபட்டது. நிறுத்துவது மட்டும் வரவே இல்லை. பிரேக் என்றால் பிரேக்கை மிதிப்பார், கிளட்ச்சிலிருந்து கால் தானாக மேலே வந்துவிடும். வண்டி விக்கல் எடுத்து நின்றுபோகும். கிளட்ச் என்று கத்தினால் கிளட்ச்சை மிதிப்பார், அந்த நொடியே பிரேக்கிலிருந்து கால் எழுந்துவிடும். வண்டி தன்பாட்டுக்கு உருளும்.

"ரெண்டையும் சேர்த்து மிதிங்க!"

"ஏன் ரெண்டையும்?"

"மிதிங்கன்னா மிதிங்க."

என் சொல்லித்தரும் லட்சணம் அவ்வளவுதான். தினமும் இதே பேஜார். அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை, 'ஏன்' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த 'ஏன்' என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

ஒருநாள் காலை, ஏரியிலிருந்து வீடு வரைக்கும் தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். நல்ல மனநிலையில் இருந்தேன், சரி என்றேன். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும்தான் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்குக் கழிகளைக் கட்டி, மாம்பழ மஞ்சள் பட்டு இழைகளை இழுத்துப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவு நீட்டிய தெருவுக்குள் எங்கள் ஊரில் நாய்கூட ஓடாது. வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நான் பிரேக் என்றேன். மிதித்தார். கிளட்ச் என்றேன். அதையும் மிதித்தார், பிரேக்கை விட்டுவிட்டு. வண்டி அந்த மஞ்சளைப் பார்த்து மெதுவாக, மரியாதையாக நகர்ந்து போனது. என் பக்கத்துப் பிரேக்கை நான் எகிறி மிதித்தபோது வண்டிக்கும் பாவுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் இறங்கிப் போனார். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் இழைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எதுவும் அறுந்திருக்கவில்லை. ஒரு கழியைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா என்னிடம், "இது வழியா போவணும்னு எதனா வேண்டுதலா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இந்த ஒரு மனிதருக்கு வண்டியை நிறுத்தச் சொல்லித் தர முடியாதவள், ஊர்ப் பெண்களுக்கு என்ன சொல்லித் தரப் போகிறேன்? வேலூர் ஆள் வரட்டும், நான் போன் எடுத்துக்கொண்டே இருந்துவிடுகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

பேசாதவளுக்குச் சாயங்காலம் வேறு வேலை இல்லை. தறிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தேன். தறிக்குக் கீழே குழிக்குள் தொங்கிய அவருடைய கால்கள்தான் என் கண்ணில் பட்டன. அத்தனை வருஷத்தில் நான் அந்தக் கால்களைப் பார்த்ததே இல்லை. தறிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், புடவையைப் பார்த்திருக்கிறேன், கால்களை யார் பார்க்கிறார்கள்? இடது கால் மிதியை அமுக்கும்போது வலது கால் எழுகிறது. வலது இறங்கும்போது இடது எழுகிறது. தப்பவே இல்லை. இரண்டும் ஒன்றாக இறங்கவே இல்லை.

பேசாமலிருப்பதை விட்டுவிட்டு, "ரெண்டையும் ஒண்ணா மிதிச்சா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"இழை பிரியாது. ஊடை நூலோட நாடா எப்படிக் குறுக்கால போவும்? சின்ன வயசுல அப்படி மிதிச்சு எங்கப்பாகிட்ட குட்டு வாங்கிகினே இருப்பேன்" என்றார்.

எனக்கு எழுந்து குதிக்கலாம்போல இருந்தது. மிதித்தால் வேலை நடக்கும், இரண்டையும் மிதித்தால் வேலை கெடும், இதுதான் அந்தக் கால்கள் படித்த படிப்பு. நான் தினமும் அந்தப் படிப்புக்கு நேர் எதிராகக் கத்திக்கொண்டிருந்தேன், காரணம் சொல்லாமல். அவர் கேட்ட 'ஏன்' சரியான கேள்வி.

அவரைத் தறியிலிருந்து எழுப்பினேன். என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். இந்தக் கை இன்ஜின், அந்தக் கை சக்கரம். ஒட்டியிருப்பதால் இது சுற்றினால் அதுவும் சுற்றும். பிரேக் போட்டுச் சக்கரத்தை நிறுத்தினால், ஒட்டிக்கொண்டிருக்கிற இன்ஜினும் செத்துப்போகும். அதனால் முதலில் இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

"தறியில மிதிச்சாதான் வேலை நடக்கும். கார்ல இடது காலால மிதிச்சா வேலை நிக்கும். இன்ஜினைத் தனியா நிக்கவச்சுட்டு சக்கரத்தை நிறுத்தறீங்க. அதனாலதான் ரெண்டையும்."

அவர் தன் கைகளைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

மறுநாள் ஏரிக்குள் அவர் வண்டியை நிறுத்தியபோது அது தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்தினதுபோல நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப நிறுத்தச் சொன்னேன், திரும்பத் திரும்ப நின்றது. அன்று தறியில் உட்கார்ந்து இரண்டு மிதியையும் சேர்த்து மிதித்துவைத்து மாமியாரிடம் திட்டு வாங்கினார் என்பது தனிக்கதை.

இரண்டாம் தடவை அதிகாரியிடம் போகும்போது கணவரும் கூட வந்தார். நான்தான் ஓட்டினேன். அதிகாரி இந்த முறை மேஜைக்குப் பின்னால் உட்காரவில்லை. வெளியே வந்து எங்கள் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு, நான் இதுவரை காரில் ஏறியதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை நிறுத்தக் கற்றுக்கொடுங்கள் என்றார். தறிக்கதை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் பேச்சு தெற்கத்திப் பேச்சு. தறியைக் கண்ணால் பார்த்திருப்பாரோ இல்லையோ? புத்தகத்து வாக்கியத்துக்கு என்ன கதி வந்ததோ அதே கதி இதற்கும் வரும் என்று பட்டது.

"சார், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. சின்ன வயசுல வீட்ல நீங்க இன்னா வேலை செஞ்சீங்க?"

அவருடைய அப்பா டெய்லராம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காஜா எடுப்பதும் பாபினில் நூல் சுற்றுவதும் இவர் வேலையாம்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பக்கத்து வீடுகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான், தையல் மெஷின் எனக்கு அத்துப்படி.

"பாபின் சுத்தறப்போ மெஷின் சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற திருகைத் தளர்த்துவீங்க இல்ல சார்? அப்புறம் சக்கரம் சுத்தும், ஊசி ஏறாது, இறங்காது. திருகை முடுக்கிட்டா ஊசியும் சேர்ந்து ஓடும். அந்தத் திருகுதான் சார் கிளட்ச். இங்க அதைக் கையால தளர்த்த வேணாம், இடது காலால மிதிச்சா தளரும்."

ஸ்டியரிங்கின் நடுவில் அவருடைய விரல்கள் இல்லாத ஒரு திருகைப் பிடித்துத் தளர்த்துவதைப் பார்த்தேன். பிறகு இரண்டு கால்களாலும் ஒன்றாக மிதித்தார். "எங்கப்பாவுக்கு கார் ஓட்டணும்னு ரொம்ப ஆசை. யாரும் அவருக்கு இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார். இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மரத்தடியில் நின்றிருந்த கணவரிடம் பாஸ் என்றேன். அவர் என்னைவிடப் பெரிதாக மூச்சு விட்டார். இந்தச் சந்தோஷத்துக்கு வீடு வரைக்கும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. எனக்கு வண்டின்னாலே பயம். மொத நாள்லேர்ந்தே பயம்தான். ஏரிக்குப் போறதுக்கு முந்தின ராத்திரியெல்லாம் தூக்கமே வராது. நீ பாஸாவணுமேன்னு உக்காந்தேன். இப்போ ஆயிட்ட. இத்தோட விட்டுடலாமா?"

அத்தனை காலையும் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன், அந்தப் பயம் எனக்குத் தெரியவே இல்லை. அவர் காட்டவும் இல்லை. இந்த மனிதரை எனக்கு அன்றைக்குப் பிடித்த அளவுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. விட்டுவிடலாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே ஓட்டினேன். அவர் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு, குஷியாக, எதிரில் வந்த பஸ்களைப் பற்றியெல்லாம் கருத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

முள்ளிப்பட்டுத் திருப்பம் வந்ததும் நிறுத்து என்றார். ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கக் கதவுக்கு வந்து நின்றார்.

"எறங்கு. இங்கேர்ந்து நான் ஓட்றேன்."

பயம் என்றீர்களே என்றேன்.

"பயம்தான். ஆனா தெருவுல எல்லாரும் வாசல்ல இருக்கிற நேரம். சொல்லிக் குடுக்கிற டீச்சரோட புருஷனே பக்கத்துல உக்காந்துகினு வந்தா, உன்கிட்ட எந்தப் பொம்பள கத்துக்க வருவா? ஜல்தியா எறங்கு."

இடம் மாறி உட்கார்ந்தோம். எங்கள் தெருவில் அன்றைக்குப் பாவு எதுவும் இல்லை, வாசல் முழுக்க ஆட்கள்தான். பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து வண்டியை நிறுத்தி, இரண்டு காலாலும் சேர்த்து மிதித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டு மறுபடியும் எடுத்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். வண்டி நேராகப் போனது.